வார்டில் போட்ட ஓட்டு ஸ்மித் சதுக்கம் வரை: எல்ஜிஏவில் யாருக்கு எத்தனை இடம் என்று பின்தொடர ஒரு வழிகாட்டி

மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடுகிறோம். மறுநாள் மாலைக்குள் வாட்ஸாப் குழுக்களில் வரைபடம் வந்துவிடும்: இந்த பரோ சிவப்பு (லேபர்), அந்த கவுன்டி நீலம் (கன்சர்வேடிவ்). நம்ம ஏரியா யாருக்கு விழுந்தது என்று தெரிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த இரண்டு மாதங்களில் நடப்பதைத் தமிழில் யாரும் விளக்கி நான் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில், 18 ஸ்மித் சதுக்கம் என்ற முகவரியில் லோக்கல் கவர்ன்மென்ட் அசோசியேஷன் இருக்கிறது. சுருக்கமாக எல்ஜிஏ. இங்கிலாந்தின் பெரும்பாலான கவுன்சில்கள் இதில் உறுப்பினர்கள். வேல்ஸின் 22 கவுன்சில்களும் தங்கள் சொந்தச் சங்கம் வழியாக இதோடு இணைந்திருக்கின்றன. கவுன்டிகள், மாவட்டங்கள், பெருநகரங்கள் என்று தனித்தனியாக மூன்று சங்கங்கள் இருந்தன. 1997 ஏப்ரலில் அவை ஒன்றாகி இது உருவானது. முதியோர் பராமரிப்புக்குப் பணம் போதவில்லை, வீடு கட்ட கூடுதல் அதிகாரம் வேண்டும் என்றெல்லாம் கவுன்சில்கள் சார்பில் மத்திய அரசிடம் பேசுவது இந்தச் சங்கம்தான். கவுன்சில், பள்ளிப் பணியாளர்கள் சுமார் 14 லட்சம் பேரின் சம்பளப் பேச்சுவார்த்தையில் முதலாளிகள் தரப்புக்குச் செயலகமாக இருப்பதும் இதுவே. பள்ளிச் சமையலறையில், நூலகத்தில், கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேரின் சம்பள உயர்வு இந்த வழியாகத்தான் வருகிறது.

அந்தச் சங்கத்தில் யார் தலைவர், எந்தக் குழுவில் எந்தக் கட்சிக்கு எத்தனை நாற்காலி என்பதை மே மாத முடிவுகள்தான் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள், கட்சி ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர்கள், முதல் முறை கவுன்சிலர் ஆனவர்கள், ஊர்ச் சங்கத்தின் கோரிக்கையை யாரிடம் கொண்டுபோவது என்று தேடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓட்டுரிமை இல்லை என்று இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. முறையான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள், படிக்க வந்த மாணவர்கள் உட்பட, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து ஓட்டுப் போடலாம். பெயரைச் சேர்த்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கவுன்சில் எந்த ரகம்?

இங்கிலாந்தில் 2023க்குப் பிறகு இருந்த எண்ணிக்கை 317 கவுன்சில்கள். லண்டன் பரோக்கள் 32, பெருநகர மாவட்டங்கள் 36, எல்லாப் பணிகளையும் ஒரே இடத்தில் செய்யும் யூனிட்டரி கவுன்சில்கள் 62, கவுன்டிகள் 21, அந்தக் கவுன்டிகளுக்குள் இருக்கும் மாவட்டக் கவுன்சில்கள் 164. மீதி இரண்டு, சிட்டி ஆஃப் லண்டனும் சில்லி தீவுகளும். அரசு இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் நீங்கள் இருப்பது எது என்று தெரிந்துவிடும். கவுன்டியும் மாவட்டமும் சேர்ந்த இடம் என்றால் உங்களுக்கு இரண்டு கவுன்சில். இரண்டையும் பின்தொடர வேண்டும்.

தேர்தல் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் பரோக்கள் 2018, 2022, 2026 என்று நாலு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கின்றன. கவுன்டிகள் 2017, 2021, 2025. சில கவுன்சில்களில் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டுமே ஓட்டெடுப்பு நடக்கும். ஆக, எந்த ஒரு மே மாதமும் நாட்டின் ஒரு பகுதிதான் பேசுகிறது. மற்றப் பகுதிகளின் பழைய முடிவுகள் அப்படியே நிற்கின்றன. இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வரைபடத்தை மூடிவிட்டு இடங்களை எண்ணுங்கள்

ஓட்டு எண்ணும் இடத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா? உள்விளையாட்டு அரங்கில் நீளமாக மேசை போட்டு, ஒரு பக்கம் எண்ணுபவர்கள், எதிர்ப் பக்கம் கட்சி முகவர்கள் நோட்டோடு குனிந்து நிற்பார்கள். மூன்று உறுப்பினர் வார்டு என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே கட்சிக்குப் போட்ட சீட்டுகளைத் தனியாகப் பிரித்துக் கட்டுகட்டாக அடுக்குவார்கள். ஆளைப் பார்த்துக் கலந்து போட்ட சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் கோடு போட்டுக் கணக்கெடுப்பார்கள். அடுக்கிய கட்டில் எந்தக் கட்சி கொஞ்சம் உயரமோ, பல வார்டுகளில் அந்தக் கட்சிக்கே மூன்று இடமும் போய்விடும்.

2022இல் லூயிஷம் பரோவில் 54 இடங்களும் லேபருக்கே போயின. பார்க்கிங் அண்ட் டாகனமில் 51க்கு 51. அங்கே வேறு கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் எல்ஜிஏ கணக்கு ஓட்டு எண்ணிக்கையைத் தொடுவதில்லை, கவுன்சிலர்களைத்தான் எண்ணுகிறது. லூயிஷம் முழுவதும் ஒரே நிறமாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு உண்மை, நம்மவர்கள் நிறைய வாழும் ஹாரோவில் தெரியும். அதே 2022இல் கன்சர்வேடிவ் 31, லேபர் 24. வரைபடத்தில் ஹாரோ முழுக்க நீலம். ஆனால் எல்ஜிஏ கணக்கில் அந்த 24 பேரும் லேபர் பக்கம் அப்படியே சேர்ந்தார்கள். கவுன்சிலில் தோற்ற கட்சிக்கும் சங்கத்தில் எடை உண்டு. எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

எந்தக் குழுவில் உட்காருகிறார்கள்?

ஜெயித்த கவுன்சிலர்கள் தங்கள் கவுன்சிலுக்குள் அரசியல் குழு அமைக்கிறார்கள். இரண்டு பேர் இருந்தாலே போதும். கையெழுத்திட்டு அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தால் அது ஒரு குழு. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கமிட்டிகளில் இந்த அரசியல் குழுக்களின் பலத்துக்கேற்ப இடம் தர வேண்டும். கவுன்சிலை நடத்தும் கேபினட்டுக்கு மட்டும் இந்த விதி இல்லை. சுயேச்சையாக ஜெயித்தவர் யாரோடும் சேராமல் தனியாக நின்றால் இடப் பங்கீட்டில் அவர் கை பலவீனமாகிவிடும். அதனால்தான் கொள்கை வேறான இரண்டு மூன்று பேர்கூடத் தேர்தல் முடிந்ததும் ஒரு குழுவாகக் கூடுவதைப் பார்க்கலாம்.

எல்ஜிஏவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதற்கு அதன் சொந்த விதிகள். அங்கே நெடுங்காலம் நாலு குழுக்கள்: கன்சர்வேடிவ், லேபர், லிபரல் டெமாக்ராட், இண்டிபெண்டன்ட். பெயரைப் பார்த்து நாலாவதைத் தனிநபர் சுயேச்சைகளின் குழு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பெரிய கட்சிகளில் சேராத பலரும் அங்கேதான் இருந்தார்கள்: கிரீன் கட்சியினர், வேல்ஸின் பிளைட் கம்ரி கட்சியினர், ஊர்க் குடியிருப்போர் சங்கத்தினர். சர்ரேயில் எப்சம் அண்ட் ஈவெல் கவுன்சிலை 1930களிலிருந்து குடியிருப்போர் சங்கத்தினரே நடத்திவருகிறார்கள். அவர்களும் மான்செஸ்டரின் கிரீன் கவுன்சிலரும் கொள்கையில் எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஸ்மித் சதுக்கத்தில் ஒரே வரிசை. புதுக் கட்சி ஒன்று பெரிதாக வளர்ந்தால் இந்த வரிசையே கலையும். எனவே எந்த ஆண்டு பார்த்தாலும் அந்த ஆண்டின் குழுப் பட்டியலை முதலில் திறந்து பாருங்கள்.

எடை போடுவது எப்படி?

இதுதான் கட்டுரையின் நடு. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்ஜிஏவில் எல்லாக் கவுன்சிலருக்கும் ஒரே எடை கிடையாது. ஒரு கவுன்சிலர் எத்தனை மக்களுக்குப் பிரதிநிதியோ அத்தனை எடை. கவுன்சில் பகுதியின் மக்கள்தொகையை எடுத்து, கவுன்சிலர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தலைக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

ஒரு பெரிய ஊரையும் ஒரு சின்ன ஊரையும் வைத்துப் போட்டுப் பார்ப்போம். 2021 கணக்கெடுப்பில் பர்மிங்காமின் மக்கள்தொகை சுமார் 11,44,900. கவுன்சிலர்கள் 101. ஒருவருக்குச் சுமார் 11,300 பேர். ரட்லண்ட் கவுன்சிலில் மக்கள்தொகை சுமார் 41,000, கவுன்சிலர்கள் 27. ஒருவருக்குச் சுமார் 1,500 பேர். அதாவது பர்மிங்காம் கவுன்சிலர் ஒருவர், ரட்லண்ட் கவுன்சிலர் ஏழு பேருக்கும் மேல் எடை.

இப்போது பர்மிங்காமின் 2022 முடிவைக் கட்சிவாரியாகப் பிரியுங்கள். லேபர் 65, கன்சர்வேடிவ் 22, லிபரல் டெமாக்ராட் 12, கிரீன் 2. லேபருக்கு 65 பேர் வழியாக ஏறத்தாழ 7,37,000 பேரின் எடை. கன்சர்வேடிவுக்குச் சுமார் 2,49,000. கடைசி வரியைக் கவனியுங்கள்: கிரீன் கட்சியின் இரண்டே இரண்டு பேர். உள்ளூர்ப் பேச்சில் அவர்களை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த இருவரின் எடை சுமார் 22,700. ரட்லண்ட் கவுன்சில் முழுவதையும் தட்டில் வைத்தாலே 41,000தான். அதில் பாதிக்கும் மேல் இந்த இருவரே.

இப்படி ஒவ்வொரு கவுன்சிலுக்கும் போட்டு, கட்சிவாரியாகக் கூட்டிச் சதவீதம் எடுத்தால் எல்ஜிஏவின் அரசியல் விகிதம் வந்துவிடும். மே தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு ஆண்டும் இதைப் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். உங்கள் வார்டில் பன்னிரண்டு ஓட்டில் ஒருவர் தோற்றார் என்றால், பெரிய நகரமாக இருந்தால், பதினோராயிரம் பேரின் எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். என் தெருவில் கதவு தட்ட வரும் கட்சிக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

ஆண்டுக் கூட்ட நிகழ்ச்சி நிரலைத் திறங்கள்

தேர்தல் நடந்த சில வாரங்களிலேயே கவுன்சிலின் ஆண்டுக் கூட்டம் நடக்கும். மேயர் பதவியேற்பு, புகைப்படம் எல்லாம் முன்னால் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது நிரலின் பின்பக்கத்தில், "அப்பாயின்ட்மென்ட்ஸ் டு அவுட்சைட் பாடீஸ்" என்ற தலைப்பில் இருக்கும். வெளி அமைப்புகளுக்கு ஆள் அனுப்பும் பட்டியல். இணைப்புத் தாளில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் அமைப்பின் பெயர், நடுவில் எத்தனை இடம், வலப்பக்கம் யார் யார். உள்ளூர் அறக்கட்டளைகள், விமான நிலைய ஆலோசனைக் குழு, ஓய்வூதிய நிதி என்று போகும் வரிசையில் "எல்ஜிஏ ஜெனரல் அசெம்ப்ளி" என்று ஒரு வரி வரும். அங்கே விரலை வையுங்கள்.

ஜெனரல் அசெம்ப்ளி என்பது எல்ஜிஏவின் பொதுப் பேரவை. ஒவ்வொரு உறுப்பினர் கவுன்சிலும் அங்கே ஆள் அனுப்பும். பெரிய கவுன்சிலுக்கு அதிக ஓட்டு, சின்னக் கவுன்சிலுக்குக் குறைவு. யாரை அனுப்புவது என்பது கவுன்சிலின் முடிவு. நாலு இடம் இருந்தால் எதிர்க்கட்சிக்கும் ஒன்று கொடுக்கும் கவுன்சில்கள் உண்டு. எல்லாவற்றையும் ஆளும் குழுவே வைத்துக்கொள்ளும் கவுன்சில்களும் உண்டு. உங்கள் கவுன்சில் எப்படி என்று போன வருடப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆனால் பேரவைக்குப் போகும் ஆளும், எல்ஜிஏவின் கொள்கைக் குழுவில் (வீட்டுவசதி, குழந்தைகள் நலம் என்று ஒவ்வொரு துறையையும் கவனிக்கும் குழு) உட்காரும் ஆளும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. பேரவை இடம் கவுன்சில் கொடுப்பது. கொள்கைக் குழு இடம் எல்ஜிஏவுக்குள் இருக்கும் கட்சிக் குழு கொடுப்பது. ஹாரோவில் எதிர்க்கட்சியாக இருக்கும் ஒருவரைத் தன் கவுன்சில் எங்கேயும் அனுப்பாவிட்டாலும், அவர் கட்சியின் எல்ஜிஏ குழு குழந்தைகள் நலக் குழுவிலோ வீட்டுவசதிக் குழுவிலோ உட்காரவைக்கலாம். சொந்தக் கவுன்சிலில் வாய்ப்பில்லாத திறமைசாலிகள் பலருக்கு இது உண்மையான வழி. புதிதாக ஜெயித்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு வருடத்தை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜூலையும் செப்டம்பரும்

வழக்கமாக ஜூலை முதல் வாரத்தில் எல்ஜிஏவின் ஆண்டு மாநாடும் பொதுப் பேரவையும் நடக்கும். 2023இல் போர்ன்மத்தில், 2025இல் லிவர்பூலில். 2024இல் ஜூலை 4ஆம் தேதி பொதுத்தேர்தல் வந்ததால் ஹாரோகேட் மாநாடு அக்டோபருக்குத் தள்ளிப்போனது. புதிய விகிதப்படி மிகப்பெரிய குழுவிலிருந்து தலைவர் வருவார். கொள்கைக் குழுக்களின் தலைமையும் எல்லா அரசியல் குழுக்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும்: ஒரு குழுவுக்கு ஒரு கட்சி தலைமை வகித்தால், துணைப் பொறுப்புகள் மற்றக் கட்சிகளுக்கு. செப்டம்பரில் புதிய குழுக்கள் வேலையைத் தொடங்கும்.

தலைவர் பட்டியலைப் பார்த்தால் மே மாதக் காற்று எப்படி அடித்தது என்று தெரியும். 1997 முதல் 2004 வரை லேபரின் ஜெரமி பீச்சம். 2004இல் கன்சர்வேடிவ் கைக்கு மாறிப் பத்து வருடம் அங்கேயே இருந்தது. 2014 மே தேர்தலுக்குப் பிறகு லேபரின் டேவிட் ஸ்பார்க்ஸ் தலைவரானார், ஒரே வருடம். 2015 மே மாதம் காற்று திரும்பியது, கன்சர்வேடிவின் கேரி போர்ட்டர் வந்தார். 2023 மே மாதம் கன்சர்வேடிவ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. 2002க்குப் பிறகு முதல் முறையாக லேபருக்கு நாட்டிலேயே அதிகக் கவுன்சிலர்கள். அந்தக் கோடையில் டெல்ஃபர்ட் அண்ட் ரெக்கின் கவுன்சிலின் தலைவர் ஷான் டேவிஸ் எல்ஜிஏ தலைவரானார். 2024இல் அவர் எம்பி ஆகிப் போனதும் அதே கட்சியின் லூயிஸ் கிட்டின்ஸ் வந்தார்.

அப்புறம் 2025 மே. ரிஃபார்ம் யூகே என்ற கட்சி ஒரே தேர்தலில் 677 இடங்களைப் பிடித்து 10 கவுன்சில்களைக் கைப்பற்றியது. லேபர், கன்சர்வேடிவ் இரண்டுமே பலமாக அடி வாங்கின. அப்படியும் லூயிஸ் கிட்டின்ஸ் தலைவராகத் தொடர்ந்தார். எப்படி? முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னேனே, அதுதான் இங்கே பதில். அந்த வருடம் ஓட்டுப் போட்டது முக்கியமாகக் கவுன்டிகள். லண்டனும் பெரும்பாலான பெருநகரங்களும் போடவில்லை. அவற்றின் முந்தைய முடிவுகள் தட்டில் அப்படியே இருந்தன.

இடைத்தேர்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பரில் ஒரு வார்டு கைமாறினால் உங்கள் கவுன்சிலுக்குள் குழுப் பங்கீட்டை உடனே மறுபடி பார்ப்பார்கள். எல்ஜிஏ விகிதத்தில் அது தெரிய அடுத்த மே முடிந்த கணக்கு வரை காத்திருக்க வேண்டும்.

லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் கணக்கு வேறு

லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கமும் உண்டு: லண்டன் கவுன்சில்ஸ். 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டனும் உறுப்பினர்கள். அதன் தலைவர்கள் குழுவில் ஒரு பரோவுக்கு ஒரு நாற்காலி. உட்காருபவர் அந்த பரோவின் தலைவர். மக்கள்தொகை எடை இல்லை. 2022இல் லேபர் 21 பரோக்களைப் பிடித்தது. வெஸ்ட்மின்ஸ்டரும் வாண்ட்ஸ்வொர்த்தும் பார்னெட்டும் அதில் சேர்த்தி. ஹாரோ எதிர்த் திசையில் போனது. அந்த 24 லேபர் கவுன்சிலர்கள் எல்ஜிஏவில் எடை போட்டார்கள் என்று பார்த்தோம் அல்லவா, இங்கே அவர்கள் எடை பூஜ்யம். ஒரே ஓட்டு, ஒரே முடிவு, இரண்டு சங்கத்தில் இரண்டு விதம். எனவே யாராவது உங்களிடம் நம்ம கட்சிக்குச் சங்கத்தில் பலம் கூடிவிட்டது என்று சொன்னால், எந்தச் சங்கத்தில் என்று கேளுங்கள்.

ஸ்காட்லாந்தின் 32 கவுன்சில்களுக்குக் கோஸ்லா என்ற சங்கம். அங்கே தேர்தல் முடிவு, சங்கத்தில் இருப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடே பின்னிக்கொண்டது. 2015இல் கிளாஸ்கோ, அபர்டீன், ரென்ஃப்ரூஷயர், சவுத் லானர்க்‌ஷயர் நாலும் வெளியேறித் தனி அமைப்பு வைத்தன. 2017 மே தேர்தலில் கிளாஸ்கோவில் நெடுங்கால லேபர் ஆட்சி போய் எஸ்என்பி (ஸ்காட்டிஷ் நேஷனல் பார்ட்டி) வந்தது. அதே ஆண்டு நாலு கவுன்சில்களும் கோஸ்லாவுக்குத் திரும்பின.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் இனி ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவுன்டியும் மாவட்டமும் சேர்ந்த இரட்டை அமைப்பைக் கலைத்து யூனிட்டரியாக மாற்றும் வேலையை அரசு 2024 டிசம்பரில் தொடங்கியது. சர்ரேயில் 1 கவுன்டி, 11 மாவட்டங்கள். அவற்றுக்குப் பதிலாக 2 யூனிட்டரி கவுன்சில்கள் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்தப் 11இல் எப்சம் அண்ட் ஈவெலும் ஒன்று. கவுன்சிலர்கள் குறைந்தால் ஒவ்வொருவரின் எடையும் கூடும். தெருவளவு நெருக்கத்தில் ஜெயித்துவந்த குடியிருப்போர் சங்கங்களுக்குப் பெரிய வார்டில் ஜெயிப்பது கடினமாகும். இதில் இழப்பு அதிகம் என்பது என் கருத்து.

உங்கள் கோரிக்கையை எப்போது, யாரிடம்?

ஊர்ச் சங்கம் ஏதாவது கேட்க நினைத்தால் ஜூன் மாதம்தான் நேரம். உதாரணமாக, முதியோர் இல்லங்களில் தமிழ் பேசும் பணியாளர் வேண்டும் என்பது உங்கள் கோரிக்கையாக இருக்கலாம். அந்த வாரங்களில் எல்ஜிஏவின் ஒவ்வொரு அரசியல் குழு அலுவலகமும் யாரை எந்தக் கொள்கைக் குழுவில் போடலாம் என்று விருப்பம் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் வார்டுக் கவுன்சிலருக்கு எழுதுங்கள். அவர் எதிர்க்கட்சி என்றால் இன்னும் நல்லது, அவருக்கு நேரம் இருக்கும். எல்ஜிஏவில் எந்தக் குழுவுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். எதற்கும் இல்லை என்றால், சமூகப் பராமரிப்புக் குழுவுக்குப் பெயர் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டு, அவர் எத்தனை ஆயிரம் பேரின் எடையோடு அங்கே போவார் என்பதையும் மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.

செப்டம்பரில் குழுப் பட்டியல் எல்ஜிஏ இணையதளத்தில் வரும். பராமரிப்பைக் கவனிக்கும் குழுவைத் திறந்து, உங்கள் கவுன்சில் பெயர் எந்த வரியிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கவுன்சில். அவர்களில் ஒருவருக்கு இரண்டு பத்தியில் ஒரு கடிதம் எழுதி, அக்டோபர் கூட்டத்துக்கு முன் அனுப்புங்கள்.